கயிறு மட்டும் வீட்டில் இருக்கிறது
ஒரு வெள்ளாட்டின் கதையும், ஆடு வளர்க்கும் நமக்கு அது சொல்வதும்

சந்தையில் ஆட்டையோ மாட்டையோ விற்பவர்கள் கயிற்றை அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்புவதை நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உருப்படியைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். கயிற்றோடு வீட்டு இலட்சுமியும் போய்விடும் என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், வீட்டு ஆணியில் தொங்கும் அந்த வெறுங்கயிற்றைப் பார்த்து நாலு நாள் மனம் கஷ்டப்படாத குடும்பம் குறைவு.

விவசாயப் பகுதியில் உரம், விதை, நோய் பற்றித்தான் வழக்கமாக எழுதுகிறோம். இந்த வாரம் ஒரு நாவலைப் பற்றி எழுதுகிறோம். அது ஒரு வெள்ளாட்டைப் பற்றிய நாவல். ஆடு வளர்க்கும் குடும்பத்தின் துக்கமும் சந்தோஷமும் அதில் இருப்பதால், இந்தப் பகுதிக்கு அது வெளியார் விஷயம் அல்ல.

மலையடிவாரத்து ஆயா

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆற்றின் பாசனத்தில், கச்சிராயப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே எனக்குத் தெரிந்த ஆயா ஒருவர் இருக்கிறார். முக்கால் ஏக்கர் நிலம். மழை பெய்தால் மக்காச்சோளம், இல்லாவிட்டால் மரவள்ளி. மகன் திருப்பூரில் வேலை செய்கிறார். ஒரு புரட்டாசியில் ஆயாவின் கணவர் காலமானார். காரியம் முடிந்து உறவினர் அனைவரும் போன பிறகு, வீட்டில் ஆயாவும் ஒரு சினை ஆடும்தான் மிச்சம்.

கார்த்திகை அடைமழையில் அந்த ஆடு 3 குட்டி ஈன்றது. இரண்டு குட்டிகள் விடிவதற்குள் இறந்தன. தாய் ஆடும் மறுநாள் இறந்துவிட்டது. மிஞ்சியது கன்னங்கரேலென்று ஒரு பெட்டைக் குட்டி. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான் இருந்தது.

துக்க வீட்டில் இன்னொரு துக்கம். மகன் தொலைபேசியில், "அம்மா, அது பிழைக்காது. யாருக்காவது கொடுத்துட்டு நீ இங்கே கிளம்பி வா" என்றார். ஆயா போகவில்லை. பக்கத்து வீட்டில் ஈன்றிருந்த ஆட்டின் சீம்பாலை வாங்கி வந்து, பஞ்சில் நனைத்துக் குட்டியின் வாயில் வைத்தார். பிறகு புட்டிப்பால். இரவில் தன் பழைய சேலையில் சுற்றிப் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து நான் போனபோது குட்டி திண்ணைக்கும் வாசலுக்கும் துள்ளிக்கொண்டிருந்தது. "அவரு போனப்புறம் எதுக்கு எழுந்திரிக்கணும்னே தெரியல தம்பி. படுத்தே கெடந்தேன். இது வந்தப்புறம் விடியக்காலம் கத்தும். கத்துனா எழுந்திரிக்காம இருக்க முடியுமா? எழுந்தா அடுப்பு பத்த வைக்கணும். பத்த வச்சா நானும் ஒரு வாய் கஞ்சி குடிச்சுடுவேன்" என்றார்.

அப்போதுதான் நான் படித்திருந்த நாவல் நினைவுக்கு வந்தது. திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கதையை ஆயாவுக்குச் சொன்னேன்.

பூனாச்சியின் கதை

நாவலின் பெயர் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. எழுதியவர் பெருமாள்முருகன். திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் 1966ல் பிறந்தவர், தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர். மேட்டுக்காட்டு வெள்ளாமையையும் ஆடு மாடுகளையும் அருகிலிருந்து அறிந்தவர். 'மாதொருபாகன்' என்ற நாவலுக்கு எழுந்த எதிர்ப்பையொட்டி 2015 ஜனவரியில் இனி எழுதப் போவதில்லை என்று அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அதன் பிறகு அதே ஆண்டின் இறுதியில் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்ட நாவல்தான் பூனாச்சி. மனிதர்களைப் பற்றி எழுதத் தயங்கியே ஆட்டைத் தேர்ந்தெடுத்ததாக அவரே முன்னுரையில் சொல்கிறார். என். கல்யாணராமன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2022ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதுக்கான 2020ஆம் ஆண்டு நெடும்பட்டியலிலும் அது இடம்பெற்றது.

கதை எளிமையானது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியே வாழும் ஒரு கிழவன், கிழவி. ஒரு நாள் மாலையில் மிக உயரமான ஒரு மனிதன் வந்து, கிழவனின் கையில் ஒரு கறுப்புப் பெட்டைக் குட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரே ஈற்றில் பிறந்த ஏழு குட்டிகளில் ஒன்று அது. அதைப் பிழைக்க வைக்கக் கிழவி படும் பாட்டைப் படிக்கும்போது, மலையடிவாரத்து ஆயாவே கண்முன் வருகிறார்.

பிறகு கதை ஆட்டின் மனத்துக்குள் போகிறது. பூனாச்சியின் பசி, விளையாட்டு, ஆசை, குட்டிகளைப் பிரிந்த வேதனை எல்லாம் அதன் பக்கமிருந்தே சொல்லப்படுகின்றன. பூனாச்சியும் ஒரே ஈற்றில் ஏழு குட்டி ஈனுகிறது. குட்டிகள் விலையாகின்றன. பின்னர் மழை பொய்த்துப் பஞ்சம் வருகிறது. கிழவன் கிழவியே கஞ்சிக்கு வழியில்லாதபோது ஆட்டுக்கு எதைக் கொடுப்பது? மனிதருக்கும் ஆட்டுக்கும் ஒரே பசி. கதையின் முடிவை இங்கே சொல்லவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் படித்து, படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.

கதை கேட்டு முடித்த ஆயா, "அந்தக் கெழவிக்கு ஆடு இருந்துச்சா, ஆட்டுக்குக் கெழவி இருந்துச்சா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வேறு நாட்டிலும் இதே துக்கம்

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1886ல் ஒரு சிறுகதை எழுதினார். அயோனா என்ற கிழட்டுக் குதிரைவண்டிக்காரர். பனி கொட்டும் நகரத்தில் வண்டி ஓட்டுகிறவர். அந்த வாரம்தான் அவருடைய மகன் இறந்திருக்கிறான். வண்டியில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்ல வாய் எடுக்கிறார். கேட்பதற்கு ஒருவருக்கும் பொறுமையில்லை. இரவு லாயத்துக்குப் போய், வைக்கோல் தின்னும் குதிரையிடம் மகன் இறந்ததை ஆதியோடந்தமாகச் சொல்லி முடிக்கிறார்.

வங்காள எழுத்தாளர் சரத்சந்திரரின் 'மகேஷ்' கதையும் நம் விவசாயிகள் அறிய வேண்டியது. கஃபூர் என்ற ஏழை, அவருடைய மகள் அமீனா, மகேஷ் என்ற கிழட்டு எருது. வறட்சியில் ஒரு கட்டு வைக்கோலை யாரும் கடனாகக்கூடத் தரவில்லை. பசியிலும் தாகத்திலும் எருது அமீனாவின் தண்ணீர்க் குடத்தைத் தட்டி உடைக்கிறது. ஆத்திரத்தில் கஃபூர் அதை அடிக்க, அது செத்துவிடுகிறது. பிள்ளைபோல் வளர்த்ததைத் தன் கையாலேயே கொன்ற துயரத்தோடு, மகளை அழைத்துக்கொண்டு இரவோடு இரவாகச் சணல் ஆலை வேலைக்குக் கிளம்புகிறார். ஓர் எருது போனதும் ஒரு குடும்பம் கிராமத்தை விட்டே போகிறது.

நம் நாட்டில் இந்த எண்ணம் பழமையானது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்து நீதி கேட்ட மனுநீதிச் சோழன் கதையைத் திருவாரூரில் இன்றும் கல்லில் காணலாம்.

ஆட்டுக்கு நினைவு உண்டா?

"ஆட்டுக்கு என்ன தெரியும்? குட்டியை விற்றால் இரண்டு நாள் கத்தும், மூன்றாம் நாள் மறந்துவிடும்" என்று நாம் சொல்வதுண்டு. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2012ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். பால் மறக்கடித்துப் பிரித்த குட்டிகளின் குரலை முன்னரே பதிவு செய்து வைத்திருந்து, பல மாதங்கள் கழித்துத் தாய் ஆடுகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பிற குட்டிகளின் குரலைவிடத் தன் குட்டியின் பழைய குரலுக்குத் தாய்கள் கூடுதலாகக் கவனம் காட்டின. பிரிந்து 7 முதல் 13 மாதம் ஆன பிறகும் அந்த நினைவு இருந்தது.

ஆகவே, குட்டியை விற்ற பிறகு பட்டியில் கேட்கும் கத்தலை வெறும் சத்தம் என்று தள்ளிவிட முடியாது. அதற்காக விற்காமல் இருக்கவும் முடியாது. சிறு விவசாயிக்கு ஆடு என்பது அவசரத்துக்கு உதவும் பணம். பள்ளிக்கூடச் செலவும் மருந்துச் செலவும் அதிலிருந்துதான் வருகின்றன. விற்கும் முறையில் சிறிது கவனம் வைக்கலாம்.

* குட்டிகளை 3 மாதம் வரை தாயிடம் விட்டு, பிறகு பால் மறக்கடிப்பதே நல்லது. பாலூட்டும் நேரத்தை ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்தால் தாய்க்கு மடி கட்டாது. குட்டியும் ஏங்கி இளைக்காது.
* எல்லாக் குட்டிகளையும் ஒரே நாளில் பிரிக்காமல் இருக்க முடிந்தால் நல்லது.
* ஆடு கூட்டமாக வாழும் பிராணி. ஒற்றை ஆடாக வளர்த்தால் ஏங்கும், சரியாக மேயாது. குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும்.

தாயில்லாக் குட்டியைப் பிழைக்க வைப்பது எப்படி?

ஆயாவைப் போலவும் நாவலில் வரும் கிழவியைப் போலவும் தாயில்லாக் குட்டியோடு தவிப்பவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். ஓர் ஈற்றில் ஒன்று அல்லது இரண்டு குட்டி சாதாரணம். மூன்று, நான்கு சில சமயம் வரும். ஏழு என்பது கதையின் அதிசயம். ஆட்டுக்குக் காம்பு இரண்டுதான். எனவே தாய் உயிரோடு இருந்தாலும் மூன்றாவது குட்டிக்கு நம் கை உதவி தேவைப்படும்.

1. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குட்டியின் வயிற்றுக்குள் போக வேண்டும். நோயைத் தாங்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. தாய் இல்லாவிட்டால் அதே சமயம் ஈன்ற வேறு ஆட்டின் சீம்பால், அதுவும் இல்லாவிட்டால் பசுவின் சீம்பால் கொடுக்கலாம்.

2. முதல் நாட்களில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் ஒரு நாளைக்குப் போதும். 2 கிலோ குட்டிக்குச் சுமார் 200 மில்லி. இதை 4 அல்லது 5 வேளையாகப் பிரித்துக் கொடுக்கவும். ஒரேயடியாகக் கொடுத்தால் கழிச்சல் ஏற்படும்.

3. பால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். குட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றக் கூடாது. பால் நுரையீரலுக்குப் போய்க் குட்டி இறந்துவிடும். நிற்க வைத்து, தாயிடம் குடிப்பதுபோல் தலையைச் சற்றே நிமிர்த்திக் கொடுக்கவும். புட்டியையும் ரப்பர்க் காம்பையும் ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் கழுவ வேண்டும்.

4. தொப்புளில் டிங்சர் அயோடின் தடவவும். குளிரும் ஈரமும் குட்டிக்கு எமன். உலர்ந்த சாக்கு, வைக்கோல் விரித்துக் காற்றடிக்காத இடத்தில் வைக்கவும்.

5. வேறு தாயிடம் சேர்க்க விரும்பினால், அது ஈன்ற உடனேயே செய்ய வேண்டும். தாய் ஆடு குட்டியை வாசனையால் அறிகிறது. அதன் சொந்தக் குட்டியின் மேலிருக்கும் ஈரத்தை இந்தக் குட்டியின் மேலும் தடவி விட்டால் ஏற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

6. இரண்டு வாரத்துக்குப் பிறகு இளந்தழையைக் கட்டித் தொங்க விட்டால், மெள்ளக் கடித்துப் பழகும். குடற்புழு நீக்க மருந்தையும் தடுப்பூசியையும் மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாமல் கொடுக்கவும். 3 மாதம் முடிந்த குட்டிக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி அவசியம். மழைக்காலத்துக்கு முன் துள்ளுமாரி நோய்க்கும் போட்டுவிட வேண்டும்.

மரவள்ளித் தழை: மறக்க முடியாத ஒரு நாள்

நம் மாவட்டத்தில் மரவள்ளி சாகுபடி அதிகம். பச்சை மரவள்ளித் தழையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடு என்னும் நஞ்சு உண்டாகும். வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரிலும் அது உண்டு. பசித்த ஆடு வயிறு நிறையத் தின்றால், சில நிமிடங்களில் மூச்சுத் திணறிக் கீழே விழும்.

நான் சிறுவனாக இருந்தபோது, ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டு விளையாட்டு மும்முரத்தில் கவனிக்காமல் இருந்தேன். வெட்டிப் போட்டிருந்த மரவள்ளித் தழையில் இரண்டு ஆடுகள் வாய் வைத்துவிட்டன. வீடு வந்து சேரவில்லை. அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அன்று இரவு அவர் சாப்பிடாமல் படுத்தார். அடி வாங்கியிருந்தால் நான் அதை என்றோ மறந்திருப்பேன்.

ஆகவே பச்சைத் தழையை ஒருபோதும் அப்படியே போடாதீர்கள். நன்றாகக் காயவைத்த பிறகே, மற்ற தீவனத்தோடு கலந்து, அளவாகக் கொடுக்கவும். பசியோடு ஆட்டை மரவள்ளிக் காட்டுப் பக்கம் ஓட்டக் கூடாது. அறுவடைக் காலத்தில் மக்காச்சோளக் குவியலிலும் வாய் வைக்க விடக் கூடாது. தானியத்தை அளவுக்கு மீறித் தின்றால் வயிறு புளித்து அசைபோடுவது நிற்கும், உயிருக்கே ஆபத்து. நஞ்சுக்கு முறிமருந்து கால்நடை மருத்துவரிடம் இருக்கிறது. ஆனால் நேரம் மிகக் குறைவு. 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம். சின்னசேலத்தை அடுத்துள்ள தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

காது வில்லை

பூனாச்சி நாவலில், ஆட்டுக்குக் காது குத்தி எண் போட அதிகாரிகளின் முன்னால் நீண்ட வரிசையில் நிற்கும் காட்சி வருகிறது. குட்டி எப்படி வந்தது என்று கிழவன் கிழவியைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். கறுப்பு ஆடு இருட்டில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அந்தக் கற்பனை அரசுக்குக் கறுப்பு ஆட்டின் மீதே சந்தேகம். ஏழைகள் அதிகாரத்தின் முன் கூனிக் குறுகி நிற்பதை ஆசிரியர் நகைச்சுவையோடு சொல்கிறார். படித்தால் சிரிப்பு வரும். கூடவே கஷ்டமாகவும் இருக்கும்.

நிஜ வாழ்க்கையில் காது வில்லைக்கு ஒரு பயன் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 12 இலக்க எண் கொண்ட வில்லை இருந்தால்தான் தடுப்பூசி போட்ட விவரம் பதிவாகும். ஆட்டுக்குக் காப்பீடும் செய்ய முடியும். காப்பீடு செய்த ஆடு இறந்தால், துக்கத்தில் உடனே புதைத்துவிடக் கூடாது. மருத்துவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்லி, பிரேதப் பரிசோதனைச் சான்று பெற வேண்டும். காது வில்லையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். திடீரென்று இறந்து, மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக இரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அப்படிப்பட்ட ஆட்டைத் தொடவோ அறுக்கவோ கூடாது. மருத்துவர் சொல்படி ஆழமான குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

ஆயா என்ன செய்தார்?

கறுப்புக் குட்டி வளர்ந்து முதல் ஈற்றில் இரண்டு கிடாக் குட்டி போட்டது. அந்தச் சமயம் மகன் ஊருக்கு வந்திருந்தார். ஆழ்குழாய் மோட்டார் பழுது, பணம் வேண்டும். தாயையும் குட்டிகளையும் சேர்த்து விற்றுவிடலாம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தண்ணீர் இல்லாவிட்டால் காடு காயும்.

ஆயா ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு, "கெடா ரெண்டையும் புடிச்சுட்டுப் போடா. வளந்து நிக்கிற கெடாவ வச்சு நான் என்ன பண்றது? தாயி இருக்கட்டும். அது உங்கப்பாரு செத்த வீட்டுல பொறந்த உசுரு" என்றார். பற்றாத பணத்துக்குச் சங்கத்தில் கடன் வாங்கினார்கள்.

வெள்ளாடு இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று ஈனக்கூடியது. நல்ல தாயை வைத்துக்கொண்டு கிடாக்களை விற்பதுதான் சரியான பண்ணை முறை என்று கால்நடைத் துறையினரும் சொல்வார்கள். ஆயா கணக்குப் பார்த்தா அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய மனம் சொன்னதும் பண்ணைக் கணக்கும் அன்று ஒன்றாக அமைந்தன. எல்லா வீட்டிலும் எல்லாக் காலத்திலும் அப்படி அமைவதில்லை. பஞ்ச காலத்தில் பூனாச்சியின் கிழவிக்கு அது அமையவில்லை.

துக்கத்தில் இருக்கும் வயதானவர்களிடமிருந்து, "இனிமேல் உங்களால் முடியாது" என்று சொல்லி ஆடு மாட்டை ஒரேயடியாகப் பிரித்துவிடும் பிள்ளைகள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். முடியாதவர்களுக்கு உருப்படியைக் குறைக்கலாம். தழை ஒடித்துப் போட உதவி செய்யலாம். ஒன்றிரண்டையாவது பட்டியில் விட்டுவையுங்கள். விற்றே ஆக வேண்டுமென்றால், வளர்த்தவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் இல்லாத நேரம் பார்த்து ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

சென்ற மாதம் ஆயா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆணியில் இரண்டு குட்டிக் கயிறுகள் தொங்கின. கறுப்பு ஆடு திண்ணை ஓரம் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. மறுபடியும் சினை. "மாசி கடைசில ஈனும் தம்பி. சீம்பால் காய்ச்சித் தரேன், வா" என்றார் ஆயா.